முகூர்த்தமும் வெளிச்சமும்

திருமண நாள் குறிக்கும்போதே, புகைப்படத்திற்கு வெளிச்சம் போதுமா என்று கேட்பது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. பெரியோர் சிலருக்கு இது மனவருத்தம் தருகிறது. கேள்வியில் பிழையில்லை, எது முதலில், எது பின்னர் என்னும் வரிசை மாறாதிருந்தால் போதும்.

சென்னையில் தை மாதத்தில் சூரியோதயம் காலை 6.35 மணியளவில் நிகழ்கிறது. வைகாசி நடுவிலோ 5.42க்கே கதிரவன் எழுந்துவிடுகிறான். ஆகவே 4.30 முதல் 6.00 வரையிலான முகூர்த்தம் வைகாசியில் பொழுது புலர்ந்து நிறைவுறும். தையில் விடியுமுன்பே முடிந்துவிடும். வெளிச்சம் வேண்டுவோர்க்குத் தை நடுவில் 9.30 மணிக்கு மீன லக்னம் உண்டு. வைகாசி நடுவில் 7.30 மணிக்கே மிதுன லக்னம் கிட்டும். 9.00 முதல் 10.30 வரை சனியன்று இராகு காலம், செவ்வாயன்று எமகண்டம். மற்றக் கிழமைகளில் அவ்வேளையில் இவ்விரண்டும் இல்லை.

நட்சத்திரப் பொருத்தமும் தாராபலமும் பார்த்துச் சோதிடர் இரண்டு லக்னங்களைத் தந்தால், வெளிச்சமுள்ளதைத் தேர்வதில் குறையொன்றுமில்லை. குளிரில் பின்னிரவே எழுந்து புறப்பட வேண்டிய தாத்தா பாட்டிக்கும் அது உதவி. ஒன்றே தந்தால், விளக்கேற்றிக்கொள்வதே முறை.

படம் சரியாக அமையவில்லையென்று மாங்கல்யதாரணத்தை மறுமுறை செய்யச் சொல்வது மட்டும் தகாது. அக்கினி சாட்சியாக அது ஒருமுறையே நிகழ்வது. அட்சதையோடு நிற்கும் முதியோரை மறைக்காமல் ஒதுங்கி நிற்குமாறு படமெடுப்போரிடம் முன்னதாகவே சொல்லிவைப்பது நலம். ஆசியே பிரதானம், படம் அதன் நினைவு.