மண்டிக் கணக்கும் மென்பொருள் வடிவமைப்பும்: இரண்டு முறைகளும் சேர்ந்தால் என்ன?

கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கட்டமைப்பு முறை (ஸ்ட்ரக்சர்டு டிசைன்) என்பது கோபால், சி மொழிகளின் காலத்தோடு முடிந்துபோன சமாச்சாரம். ஜாவா வந்த பிறகு எல்லாமே பொருள்நோக்கு முறைதான் (ஆப்ஜெக்ட் ஓரியண்டட்) என்பது அது. பல கல்லூரிகளில் ஒரு பருவத்தில் டேட்டா ஃப்ளோ டயகிராம், அடுத்த பருவத்தில் யூஎம்எல் என்று இரண்டும் தனித்தனிப் பாடங்களாக வருகின்றன. முதல் பரீட்சை முடிந்ததும் முதல் பாடம் மறந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

வரலாறு என்ன சொல்கிறது?

இரண்டு முறைகளும் எதிரிகளாகப் பிறக்கவில்லை. 1972ல் டால், டைக்ஸ்ட்ரா, ஹோர் மூவரும் சேர்ந்து வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகத்தின் பெயரே 'ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங்'. அதன் மூன்றாவது பகுதி சிமுலா 67 மொழியின் கிளாஸ் பற்றியது! அந்த மொழியைக் கிறிஸ்டன் நைகார்டுடன் சேர்ந்து நார்வேயில் உருவாக்கியவர் அதே டால்தான்.

1974ல் ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கான்ஸ்டன்டைன் எழுதிய கட்டுரை இரண்டு அளவுகோல்களைப் பரப்பியது. ஒரு பகுதி மற்றொன்றை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பது கப்ளிங். ஒரு பகுதிக்குள் இருப்பவை ஒரே வேலைக்காக எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பது கொஹீஷன். இருபது ஆண்டுகள் கழித்து, 1994ல், சிடம்பர், கெமரர் இருவரும் பொருள்நோக்கு நிரல்களை அளக்க ஆறு அளவைகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று கிளாஸ்களுக்கு இடையிலான கப்ளிங், இன்னொன்று கிளாஸுக்குள் கொஹீஷன் குறைவு. பழைய முறையின் அளவுகோலால்தான் புதிய முறையும் அளக்கப்படுகிறது.

ஒரு மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய கமிஷன் மண்டிக்கு மென்பொருள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விவசாயி 50 கிலோ மூட்டைகள் பத்து கொண்டுவருகிறார். ஏலத்தில் கிலோ 30 ரூபாய் போகிறது. மொத்தம் 15,000 ரூபாய். அதில் கமிஷன் 1,500, இறக்கு கூலி 200, லாரி வாடகை 800 கழித்து அவர் கைக்கு 12,500 வர வேண்டும். சரக்கை எடுத்த சில்லறை வியாபாரியோ கடனுக்கு வாங்கி, வாரக் கடைசியில் பணம் தருகிறார்.

கட்டமைப்பு முறையை மட்டும் நம்புகிறவர் வேலைகளை வரிசையாகப் பிரிப்பார்: சரக்கு வரவு, ஏலம், பில், பேரேடு. படம் தெளிவாக இருக்கும். ஆனால் மூட்டை, விலை, கூலி எல்லாம் பொதுவான கோப்பில் கிடக்கும். எல்லா ஃபங்ஷனும் அதில் கை வைக்கும். கூலி மூட்டைக் கணக்கிலிருந்து எடைக் கணக்குக்கு மாறினால் எங்கெங்கே திருத்துவது என்று தேடி அலைய வேண்டும்.

பொருள்நோக்கு முறையை மட்டும் நம்புகிறவர் முதல் நாளே கிளாஸ் எழுத உட்கார்ந்துவிடுவார். காய்கறி என்று ஒரு கிளாஸ், அதன் வாரிசாக வெங்காயம், அதன் வாரிசுகளாகச் சின்ன வெங்காயமும் பெல்லாரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 12,500 ரூபாய் எந்த வழியாக விவசாயியின் கைக்கு வருகிறது என்று மண்டிக்காரர் கேட்டால், இருபது கிளாஸ்களைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். வெங்காயத்துக்கு வாரிசு எத்தனை என்பது அவருக்குத் தேவையில்லை. பணம் எங்கே நிற்கிறது என்பதுதான் அவர் கவலை.

எப்படிச் சேர்ப்பது?

முதலில் டேட்டா ஃப்ளோ டயகிராம் வரைய வேண்டும். அதை மண்டிக்காரரிடமே காட்டலாம். அம்புக்குறியைப் புரிந்துகொள்ள அவர் ஜாவா படித்திருக்க வேண்டியதில்லை. "கூலியைக் கழித்த பிறகுதான் பில் போடுவோம், தம்பி" என்று அவர் அங்கேயே திருத்திவிட முடியும். பல தவறுகள் இந்தக் கட்டத்திலேயே செலவில்லாமல் பிடிபடும்.

அடுத்து, அந்தப் படத்தில் தகவல் எங்கே தங்குகிறது, அம்புகளின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேரேடு, விற்பனை பில், சரக்கு வரவு ஆகியவை ஆப்ஜெக்ட் ஆகத் தகுதியுள்ளவை. கூலியைக் கழிப்பது யார் பொறுப்பு? அதற்கு வேண்டிய விவரங்களை வைத்திருக்கும் பில்தான். இங்கே கொஹீஷன் வழிகாட்டுகிறது. கடைசியாக, ஒவ்வொரு மெத்தடின் உள்ளேயும் பழைய முறைப்படி மேலிருந்து கீழாகப் பிரித்து எழுதலாம். வெளியே ஓட்டம், நடுவே ஆப்ஜெக்ட், உள்ளே மறுபடி கட்டமைப்பு.

எதிர்வாதம்

"இரண்டும் ஒட்டாது" என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு முறை தகவலையும் செயலையும் பிரிக்கிறது, மற்றொன்று சேர்த்துக் கட்டுகிறது. 1991ல் ரம்பாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஓஎம்டி முறை ஆப்ஜெக்ட் மாதிரியோடு டேட்டா ஃப்ளோ டயகிராமையும் வைத்திருந்தது. படத்தில் உள்ள ஒரு வட்டம் பல ஆப்ஜெக்ட்களில் சிதறிப்போவதால் இரண்டையும் பொருத்துவது கடினமாக இருந்தது. 1997ல் தரமாக ஏற்கப்பட்ட யூஎம்எல்லில் அந்தப் படத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஆக்டிவிட்டி டயகிராம் ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் இதிலிருந்து கற்க வேண்டியது வேறு. வட்டத்துக்கு வட்டம் கிளாஸ் ஆக்க முயல்வதுதான் தவறு. ஓட்டப்படம் தொழிலைப் புரிந்துகொள்ளவும், எழுதி முடித்ததைச் சரிபார்க்கவும் பயன்பட்டால் போதும்.

மாற்றம் வரும்போது

2020ல் கொரோனா காலத்தில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது. இப்படி இடம் மாறினால் வாடகையும் கூலியும் மாறலாம், நேரமும் மாறலாம். விவசாயிக்குச் சேர வேண்டியதைக் கணக்கிடும் வரிசை மாறாது. எது மாறும், எது மாறாது என்று காட்டுவது ஓட்டப்படம். மாறுவதை ஒரே இடத்தில் அடைத்துவைப்பது ஆப்ஜெக்ட். ஒன்று இல்லாமல் மற்றொன்று பாதி வேலைதான் செய்யும்.

எனவே பாடத்திட்டம் போடுகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பாடங்களுக்கும் பொதுவாக ஒரே திட்டப்பணி கொடுக்கட்டும். முதல் பருவத்தில் வரைந்த ஓட்டப்படத்தை வைத்தே அடுத்த பருவத்தில் கிளாஸ்களை எழுதச் சொல்லட்டும். அதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், பக்கத்துக் கடைவீதியே போதும். அந்தப் படத்தைக் கல்லூரி ஆசிரியர் திருத்துவதற்கு முன் ஒரு மண்டிக்காரர் திருத்தினால் இன்னும் நல்லது. கணக்கில் 200 ரூபாய் தவறினால் மாணவருக்குப் போவது இரண்டு மதிப்பெண். மூட்டை கொண்டுவந்த விவசாயிக்குப் போவது அவருடைய காசு.