உரிமை எவருக்காக?

அமெரிக்க நாட்டிலே ஒரு மாநிலத்தின் கவர்னரை அமர்த்துபவர்கள் அந்த மாநிலத்து மக்களே. குடியரசுத் தலைவர் அவரை அனுப்பவும் இயலாது, அகற்றவும் இயலாது. மாநிலங்கள் 50, ஒவ்வொன்றுக்கும் தனி அரசியல் சட்டம், தனிச் சட்டமன்றம், தனி நீதிமன்றங்கள். கூட்டரசிடம் ஒப்படைக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரமனைத்தும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்று பறைசாற்றுகிறது, 1791-இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தம்.

மாநில சுயாட்சி வேண்டிடும் நமக்கு இது தேனாக இனிக்கும். ஆயின், அத்தேனிலே நஞ்சு கலந்தோரும் உண்டு!

வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி என்பது சட்டவிரோதம் என 1954-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957-இல், ஆர்கன்சா கவர்னர் பாபஸ், லிட்டில் ராக் பள்ளியிலே 9 கறுப்பின மாணவர்கள் நுழையாவண்ணம் மாநிலப் படையை நிறுத்தினார். 'மாநில உரிமை' என முழங்கினர், அவர் பக்கம் நின்றோர். குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். அதன் பாதுகாப்பிலேதான் அம்மாணவர்கள் பள்ளி புகுந்தனர்.

மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டுமா? வேண்டும்; ஐயமில்லை. எதற்காக? ஒதுக்கப்பட்டோருக்குக் கதவைத் திறந்திட, அடைத்திட அல்ல! தலைநகரிடம் உரிமை கேட்போர், தம் ஊர்ச் சேரிக்கும் அவ்வுரிமையை வழங்கிடக் கடமைப்பட்டவர்கள். அதை மறந்த மாநில உரிமை, ஆதிக்கத்தின் மறுபெயரே!