ரப்பிங் பாலிஷ் என்னும் பகல் கொள்ளை

சர்வீஸுக்கு வண்டியை விடப் போகும்போதெல்லாம் அந்தப் பையன் தவறாமல் கேட்பான். "சார், டெஃப்லான் கோட்டிங் போட்டுடலாமா? ரப்பிங் பாலிஷும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறுதான். புது வண்டி மாதிரி ஆயிடும்." மூன்று வருஷம், மூன்று முறை தலையாட்டினேன். ஆக 13,500 ரூபாய். நாள் முழுக்க அடுத்தவன் கடன் விண்ணப்பத்தில் ஓட்டை தேடிப் பிழைக்கிற ஆள் நான். என் சட்டைப்பையில் விழுந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை.

பணம் போனதுகூடப் பரவாயில்லை ஐயா. போகக்கூடாத இன்னொன்று போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு புலம்பல்.

நம் ஊரில் அம்மாக்கள் நகையைப் பாலிஷ் போடக் கொடுக்கும்போது என்ன செய்வார்கள்? முதலில் எடை பார்ப்பார்கள். வாங்கும்போது மறுபடி எடை பார்ப்பார்கள். ஏனென்றால் பாலிஷ் என்றால் தேய்ப்பது, தேய்த்தால் குறையும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட இது தெரியும். கார் விஷயத்தில் மட்டும் படித்தவர்கள் நாம் அத்தனை பேரும் பாலிஷ் என்றால் எதையோ மேலே பூசுவது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

காரின் தகடு மேல் முதலில் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்த மொத்த பெயின்ட்டும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35-லிருந்து 50 வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லிய படலம்தான் ராஜஸ்தான் வெயிலுக்கும் உங்கள் காரின் நிறத்துக்கும் நடுவே நிற்கிறது. பெட்ரோல் பங்க் விளக்கில் சிலந்தி வலை போலத் தெரிகிறதே நுண்ணிய கீறல்கள், அவை இருப்பது இந்தப் படலத்தில். பாலிஷ் அந்தக் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள இடத்தையும் சீவி இறக்குகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

பி.காம். படிக்கும்போது தேய்மானத்தை ஏதோ புத்தகக் கணக்கு என்றுதான் நினைத்தேன். வருமான வரிச் சட்டம் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் தரும். சர்வீஸ் சென்டர்காரர்கள் அதை நிஜமாகவே தேய்த்துக் காட்டுகிறார்கள் :-)

எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கினேன். என் அடர்நீல வண்டியின் கூரையில் 112 காட்டியது. கதவுகளில் 105 சொச்சம். பானட் நடுவில் 91. பானட்டின் முன் விளிம்பில் 68! கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. ஆனால் 44 மைக்ரான் குறைந்த இடத்தில் எது போயிருக்கும் என்று ஊகிக்க ஆடிட்டர் தேவையில்லை. ஒரு அடகுக்கடைக்காரர் நகையை எடை போடாமல் வாங்கினால் ஊரே சிரிக்கும். இவர்கள் ஒரு முறைகூட அளக்காமல், வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேடை மாட்டி விளிம்பிலும் ஓரத்திலும் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். விளிம்பில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது, சூடும் அங்கேதான் சீக்கிரம் ஏறும்.

சரி, அந்த டெஃப்லான்? டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். தோசைக்கல்லில் அது ஒட்டுவது தொழிற்சாலை உலையில் சுட்ட பிறகு. மே மாத ஜெய்ப்பூர் கொளுத்துகிற வெயிலில்கூட பானட் அந்தச் சூட்டின் பக்கத்தில் வராது. டப்பாவில் இருப்பதைத் துணியால் தடவிவிட்டு 'கோட்டிங்' என்கிறார்கள். நாலு கழுவலில் அந்த எண்ணெய்ப் பசை போனதும் கீறல்கள் பழையபடி பல்லிளிக்கும். கூடவே ரோட்டரி விட்டுப்போன அலை அலையான தடங்களும் வெயிலில் மின்னும். அடுத்த சர்வீஸில் மறுபடி அதே கேள்வி. நல்ல வியாபாரம்!

இதற்கெல்லாம் மூலம் எது என்று பார்த்தால் நம் குடியிருப்பு வாசலில்தான் போய் நிற்கும். விடிகாலையில் ஒருவர் ஒரு வாளித் தண்ணீர், ஒரே துணியோடு இருபது கார்களைத் துடைக்கிறார். முந்தின நாள் ஆந்தி அடித்திருந்தால் வண்டி மேல் ஒரு அடுக்கு மணல். அதன் மேலேயே துணி போகிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் "இந்த ஆளை மாற்ற வேண்டும்" என்று கொதித்தார். நான் கேட்டேன், மாதம் அறுநூறு ரூபாய் கொடுத்து, ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது யார்? நாம்தானே? நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுக்க மனசு வரவில்லை, கோட்டிங்குக்கு நாலாயிரம் வருகிறது. இப்போது என் வண்டியை அவர் துடைப்பதில்லை, டயர், கண்ணாடியோடு சரி. காசு முழுசாகவே கொடுக்கிறேன். ஞாயிறு காலை இரண்டு வாளி வைத்து நானே கழுவுகிறேன். போர் தண்ணீர் உப்பு, அதனால் காயவிடாமல் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

அப்புறம்தான் மெஷின் வாங்கினேன். ரோட்டரி இல்லை, டூயல் ஆக்ஷன் வகை. பேட் சுழன்றுகொண்டே ஒதுங்கி ஒதுங்கி ஆடும், அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், அதனால் புதியவன் கையிலும் சேதம் குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன். "டூயல் ஆக்ஷனில் பெயின்ட் போகவே போகாது" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். விளிம்பிலேயே நின்றால் அதுவும் தின்னும்.

கபாடிக் கடையில் ஒரு பழைய பானட் வாங்கி முதலில் அதில் பழகினேன். முதல் நாளே மெஷினைப் பேட் தகட்டில் படுமுன் ஓடவிட்டு, பாலிஷ் என் சட்டை, சுவர், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் எல்லாம் தெறித்தது. "ஏங்க, கோட்டு சூட்டு போட்ட மேனேஜர் வேலை பத்தலையா உங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. ஆபீசிலும் அதே பாட்டுதான், சாப் கூலி வேலை செய்கிறாராம்.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன். கழுவி, களிமண் கட்டியால் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுத்து, பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் விளிம்புகளுக்கும் டேப் ஒட்டி, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஆரம்பிக்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி சதுரம், பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, மிக மென்மையான பேட், மிக லேசான பாலிஷ். அதிலேயே எழுபது சதவீதம் சரியானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மிச்சக் கீறல் இருந்துவிட்டுப் போகட்டும். இங்கேதான் புதிய ஆர்வலர்களோடும் எனக்குச் சண்டை. மாதாமாதம் மெஷினைத் தூக்குகிறார்கள். சர்வீஸ் சென்டர்காரன் காசு வாங்கிக்கொண்டு செய்கிற நாசத்தை இவர்கள் சொந்தச் செலவில் செய்கிறார்கள்.

நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் செய்தேன். முன் விளிம்பை, அந்த 68-ஐ, தொடவே இல்லை. அங்கே வெறும் மெழுகுதான், அதுவும் கையால்.

போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது ஜாப் கார்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'பாலிஷ் வேண்டாம். கழுவவும் வேண்டாம்.'

"சார், வாட்டர் வாஷ் ஃப்ரீதான்," என்றான் அந்தப் பையன்.

"ஃப்ரீயாகவும் வேண்டாம்பா."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.