அமைச்சரோடு வந்து அமைச்சரோடு போகும் தொழில்



தேர்தல் தினத்தன்று இரவு வேட்பாளர்களின் வீடுகளில் எவரும் உறங்குவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேறு சில வீடுகளிலும் அன்றிரவு உறக்கம் இல்லை என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அமைச்சரின் பிரத்தியேகச் செயலாளர், இணைப்புச் செயலாளர், ஊடகச் செயலாளர், சாரதி என்று கடமையாற்றுவோரின் வீடுகளே அவை. வாக்குச்சீட்டில் இவர்களுக்கு இடமில்லை. ஆயினும் விடியும்போது இவர்களுடைய தொழில் இருக்குமா, இல்லையா என்பதை அந்த வாக்குகளே தீர்மானிக்கின்றன.

இத்தகைய நியமனம் அமைச்சரோடு வருவது, அமைச்சரோடு போவது. அரச சேவையிலிருந்து இதற்காக விடுவிக்கப்பட்டு வந்தவர் தனது பழைய காரியாலயத்துக்குத் திரும்பலாம். வெளியிலிருந்து வந்தவருக்கோ திரும்பிச் செல்ல இடமில்லை.

2024ஆம் ஆண்டில் இதை நாம் கண்கூடாகக் கண்டோம். செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதிய ஜனாதிபதியோடு சேர்த்து மூவர் மட்டுமே கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் 225 ஆசனங்களுள் 159ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. முன்னாள் அமைச்சர்கள் பலர் தோற்றார்கள். வேறு பலர் போட்டியிடவே இல்லை. அவர்களை நம்பியிருந்த பணியாளர்களின் கதி என்ன என்று எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தி போடவில்லை.

இப்படியான தொழில் கூடாது என்று நான் கூறவில்லை. மக்களின் கடிதத்தை உரிய இடத்தில் சேர்ப்பதும், ஏழையின் காரியத்தை முடித்துக் கொடுப்பதும் நன்மையான வேலைகள்தாம். ஆனால் அது இரவல் என்பதை அந்த வீட்டார் முதல் நாளிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டு, மற்றது தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். அவர் தமது பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. பெருநாளுக்கு வந்து குவியும் பொதிகளைப் பார்த்து நம் வீட்டுப் பெண்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கணவரின் பதவிக்கு வந்த பொருள், பதவி போன மறுநாள் வராது.

ஆகவே சகோதரிகளே, வீட்டுச் செலவைச் சம்பளத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரச வாகனத்தைப் பிள்ளைகளின் பாடசாலைப் பயணத்துக்குப் பழக்காதீர்கள். மாதாந்தம் சிறு தொகையேனும் ஒதுக்கி வையுங்கள். இவ்வளவும் செய்திருந்தால், வாகனத்தையும் தொலைபேசியையும் ஒப்படைத்துவிட்டு அவர் வீடு திரும்பும் நாளில் கடனும் இருக்காது, வெட்கமும் இருக்காது.

பதவி போவதில் இழிவில்லை. உமர் (ரழி) அவர்கள் ஹிஜ்ரி 13இல் கலீஃபாவானபோது, காலித் பின் வலீத் (ரழி) அவர்களைத் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கி, அபூ உபைதா (ரழி) அவர்களை நியமித்தார்கள். எத்தனையோ போர்களில் வென்ற காலித் (ரழி) கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அபூ உபைதாவின் கீழ் நின்று ஷாம் தேசத்தில் தொடர்ந்து போரிட்டார்கள். பொறுப்பு மாறியது; அவர்களின் மதிப்புக் குறையவில்லை.

தொழில் இழந்து வரும் கணவரிடம், "அன்றைக்கே சொன்னேனே" என்று குத்திக் காட்டாதீர்கள். நேற்றுவரை வாசலில் காத்து நின்றவர்கள் இன்று ஸலாம் சொல்லவும் தயங்குவார்கள். அந்த வேதனையே அவருக்குப் போதும். கடையில் கணக்கெழுதும் வேலையோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையோ, ஹலாலான எதுவும் சிறியதல்ல என்று தைரியம் கூறுங்கள்.

அயல் வீட்டில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், உங்கள் கட்சி வென்றிருந்தாலும் பட்டாசு கொளுத்தி அவர்களை நோகடிக்க வேண்டாம். ஒரு பாத்திரம் சோறு கொடுத்து அனுப்புங்கள். அடுத்த தேர்தலில் யாருடைய வீடு உறக்கமின்றி விழித்திருக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், அதில் பரக்கத்தையும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.