இருமலும் குருபத்தியும்

சென்ற மாதம் என் ஆசிரியப் பெருந்தகையைக் காணச் சென்றேன். அகவை எண்பதைக் கடந்தவர் அவர். அவர்தம் மகள் வாயிலிலே நின்று, “அண்ணை, தடிமன் இருமல் ஒண்டுமில்லையே?” என வினவி முகக்கவசம் ஒன்றை நீட்டினாள். “இன்னுமா இது?” என நகைத்தேன். நகைத்த எனக்கோ முதல் நாள் தொட்டே இருமல்!

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தபோது, முதியோரைக் காத்தல் நம் தலையாய கடன் என்று மாணாக்கர்க்கு உரைத்தவன் யானே. 2023 மே 5இல் உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் நோய்க்கான சர்வதேச அவசர நிலையை நீக்கிற்று. நோய் ஒழிந்தது என்று அது கூறவில்லை. நாமோ அவ்வாறே பொருள் கொண்டோம். இளையோர் பலர்க்கு அது சில நாட் காய்ச்சல். உடல் தளர்ந்த முதியோர்க்கு உயிர்ப்பகை. தடுப்பூசி தரும் காப்பும் நாளடைவிற் குறைவதே.

முதியோரை மீண்டும் வீட்டினுள் அடைக்குமாறு யான் கூறேன்; தனிமையும் ஒரு நோயே. நோயுற்றபோது செலவைத் தள்ளிவைத்தலும், சாளரத்தைத் திறந்துவைத்தலும், நெருங்க நேரின் முகக்கவசம் அணிதலும் அரிய செயல்களா? சட்டம் ஏவியபோது செய்தது அச்சம். ஏவாதபோது செய்வதே அன்பு.

அன்று முற்றத்திலே நின்று கைகூப்பி மீண்டேன். அதுவே யான் செய்த குருவணக்கம்.