சண்டூரில் ஒரு குடித்தனம்

பால்கனிக்கு வலை அடிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். இந்த வாரம் முழுக்க அந்த எரிச்சல்தான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைப் பற்றி எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். எழுதத்தான் போகிறேன். முதலில் வலை.

என் தங்கை மகனுக்கு ஐப்பசியில் கல்யாணம். கார்த்திகையில் பெரும்பாக்கம் பக்கம் நாலாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சினார்கள். ஏரி தெரியும் வீடு. கட்டடக்காரர்களின் ‘லேக் வியூ’ பற்றி இந்தப் பத்தியில் நான் பொரிந்து தள்ளியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏரிக்குள்ளேயே கட்டிவிட்டு, ஏரி தெரிகிறது என்று சதுர அடிக்குக் கூடுதலாக வாங்குகிற சாமர்த்தியம். இந்த வீட்டில் நிஜமாகவே தெரிகிறது. கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்துவது, நீலத்தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது, நத்தைக்குத்தி நாரை ஒற்றைக் காலில் யோசிப்பது எல்லாமே பால்கனியிலிருந்து தெரியும். அந்தப் பால்கனிக்குத்தான் வலை அடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். அசோசியேஷன் விதியாம். எல்லா பால்கனிக்கும் ஒரே நிறத்தில் வலை. இல்லையென்றால் கட்டடத்தின் முகப்பு அழகு கெட்டுவிடுமாம். ஐந்நூறு பேர் வலைக்குள்ளிருந்து வெளியே பார்க்கிற அழகு.

வலைக்காரர்கள் வந்து அளவெடுத்தார்கள். மாட்டிய பிறகு கண்ணுக்கே தெரியாது என்று உறுதி சொன்னார்கள். நமக்குத் தெரியாது, சரி. தேன்சிட்டுக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. வேகமாகப் பறந்து வந்து கழுத்தை நுழைத்துத் தொங்கும் பறவைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆந்தை, வௌவால், கிளிக்குஞ்சு எல்லாம் மாட்டும். யாருக்காக வலை கட்டினார்களோ அந்தப் புறா மட்டும் வலையில் கிழிந்த மூலையைக் கண்டுபிடித்து உள்ளே வந்து சமையலறை ஜன்னலில் குடியேறிவிடும்.

நியாயம் பேசுகிறவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். புறா எச்சம் நுரையீரலுக்கு ஆகாது. உண்மை. காய்ந்த எச்சத்தூளை நாள்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் திசுவே கெட்டியாகிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். 2025-இல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூத்தர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியதும் இதனால்தான். தானியம் போட்டுப் பழகிய கூட்டம் வந்து தார்ப்பாயைக் கிழித்தெறிந்தது. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. தெருமுனையில் மூட்டை மூட்டையாகச் சோளத்தைக் கொட்டிப் புண்ணியம் தேடுகிறவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் புறாவை இங்கே அழைத்து வந்தவர்கள் நாம்தான். மலைப்பாறை இடுக்கில் கூடு கட்டிய பறவை அது. நாம் ஏழு மாடி, பதினாலு மாடி என்று பாறை எழுப்பி, மாடிக்கு மாடி விளிம்பு வைத்து, ஏசி அவுட்டோர் யூனிட் என்று ஒரு பொந்தும் செய்து கொடுத்திருக்கிறோம். வராமல் என்ன செய்யும்?

வந்தது. சாமான் மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே ஏசி பெட்டிக்குப் பின்னால் நாலு குச்சியைப் போட்டு இரண்டு முட்டை வைத்துவிட்டது ஒரு ஜோடி. கூடு என்று சொன்னால் தூக்கணாங்குருவி மானநஷ்ட வழக்குப் போடும். புதுப்பெண் வலைக்காரரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். முட்டை பொரிய பதினெட்டு நாள், குஞ்சு பறக்க இன்னொரு மாதம். அதுவரைக்கும் யாரும் பால்கனியில் துளை போடக் கூடாது. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும், இரண்டுமே தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும் என்று என் தங்கை மகனுக்குப் பாடம் நடந்தது. தகப்பனும் பால் கொடுக்குமா என்று அவன் வாயைப் பிளந்தான். பொறியியல் படித்தவன்.

அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஊர் அப்படி. நாங்குநேரிப் பக்கம், கூந்தன்குளத்துக்கு அருகில். 1994-இல் அரசாங்கம் அதைச் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே பறவைகளும் சனங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட கிராமம் கூந்தன்குளம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்தோடு நிற்பதில்லை. தெருவில், வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் புளியமரத்திலும் கூடு கட்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். “எங்க ஊர்ல முத்தத்துல எச்சம் விழாட்டாதான் அத்தை பயப்படுவாவ, மழை பொய்ச்சிட்டுன்னு” என்றாள். அப்படிப்பட்ட பெண்ணிடம் போய் வலை விலையைச் சொன்னார்கள்.

வெளியே சுற்றுவதில் இருவருக்கும் கல்யாணத்துக்கு முன்பே ஒற்றுமை. எங்கே சுற்றுவது என்பதில்தான் வழக்கு. பையன் வெள்ளிக்கிழமை ராத்திரி பைக்கைக் கிளப்பி ஏலகிரி, கொல்லிமலை, முடிந்தால் மேகமலை என்று போய், திங்கள் காலை அலுவலகத்தில் தூங்குகிற ரகம். போனில் அருவிகளின் பட்டியல் வைத்திருக்கிறான். இவள் முதலில் இந்த ஏரியைச் சுற்றி முடிப்போம் என்றாள். கரையோரமாக, நடந்து. அவன் சிரித்தான். ஆனாலும் புதுமாப்பிள்ளை, போனான்.

அந்த நடைகளில் அவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணை ஒரு விலாசமாக இல்லாமல் இடமாகத் தெரிய ஆரம்பித்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம் அது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே பூநாரை. சுற்றியிருக்கும் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும், அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகக் கடலைப் பார்க்கப் போகும். மின்கம்பியில் பனங்காடை, குப்பைமேனிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் நடுவே செம்போத்து, டீக்கடை எதிரில் தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் பஞ்சாயத்து. கூழைக்கடா எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும் என்று மீன் பிடிக்கிறவர் ஒருவர் சொன்னார். நல்ல தையற்காரர், கேன் தண்ணீர், மழை வந்தால் எந்தத் தெருவில் முழங்கால் ஆழம் என்பதெல்லாம் டீக்கடையில் கிடைத்த உபதேசம். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இதெல்லாம் கிடைக்காது. அங்கே பார்க்கிங் சண்டைதான் கிடைக்கும்.

கணக்கெடுப்புக்கு வருகிறேன். 2015-இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நாலு நாள் நடக்கிறது. இருக்கிற இடத்தில் பதினைந்து நிமிஷமாவது நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எண்ணி, ‘இபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். நிபுணராக இருக்க வேண்டியதில்லை, காக்கையும் கணக்கில் உண்டு. இந்த இரண்டு பேரும் பால்கனியிலிருந்து எண்ணுவதாகத் திட்டம். அதற்காகத்தான் என்னிடம் பறவைப் புத்தகம் கேட்டார்கள். நான் கொடுத்தது மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’.

கிருஷ்ணனா, மறுபடியுமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடலாம்.

கானுயிர் எழுத்தாளர் என்றால் யானை, புலி என்றுதான் நினைப்போம். கிருஷ்ணனும் யானையைப் பற்றி அவர் காலத்தில் வேறு யாரும் எழுதாத அளவுக்கு எழுதினார், பெரிய பெட்டி போன்ற கேமராவைத் தானே ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டு படமும் எடுத்தார். ஆனால் அவர் எழுத்தில் எனக்குப் பிடித்த பாத்திரங்கள் வேறு: பல்லி, அணில், காக்கை, மழைக்குப் பிறகு வாசலுக்கு வரும் தேரை. வீட்டைச் சுற்றி இருப்பவை. சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்திருக்காவிட்டால் இந்தத் தமிழ்க் கட்டுரைகள் பழைய பத்திரிகைகளோடு கரையானுக்குப் போயிருக்கும். இதே மனிதர் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. பதின்மூன்று வயதில் அப்பா போய்விட்டார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல். பேராசிரியர் ஃபைசனோடு மலைமலையாகச் செடி தேடி அலைந்ததுதான் அவருக்கு உண்மையான படிப்பு. 1937-இல் இந்துமதியைக் கைப்பிடித்தார். கையில் பட்டம் இருந்தது, நிலையான வேலை இல்லை. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் சித்திரம் என்று மெட்ராஸில் ஓட்டினார். 1942-இல் சண்டூரிலிருந்து வேலை வந்தது.

சண்டூர் எங்கே என்று தங்கை மகன் வரைபடத்தில் தேடினான். ஹம்பிக்குப் பக்கம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது, அருவிப் பட்டியலில் ஏதோ சேர்ந்திருக்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டம் நாலா பக்கமும் சூழ்ந்து நிற்க, நடுவில் மராட்டிய கோர்ப்படே வம்சத்தார் ஆண்ட குட்டி சமஸ்தானம். மாங்கனீசும் இரும்பும் நிறைந்த சிவந்த மலைகள், கரடியும் சிறுத்தையும் உலவிய காடு. கல்யாணமாகி ஐந்து வருஷமே ஆன ஜோடி அங்கே போய்க் குடித்தனம் வைத்தது. மகாராஜா கொடுத்த வேலை ஒன்றல்ல. பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசியல் காரியதரிசி என்று மாறிக்கொண்டே இருந்தது. சின்ன சமஸ்தானங்களில் அப்படித்தான், படித்தவன் ஒருவன் கிடைத்தால் எல்லா நாற்காலியிலும் அவனையே உட்கார வைப்பார்கள்.

வேலை போக மீதி நேரத்தில் மனிதர் என்ன செய்தார்? காட்டில் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார், விளையாட்டுக்கு அல்ல, பரிசோதனையாகவே. புறா வளர்த்தார்.

ஆமாம், புறா. வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி மொட்டைமாடிகளில் கர்ணப்புறா, சாதாப்புறா, ஹோமர் என்று வகை பிரித்து, காலில் வளையம் மாட்டி, வடக்கே எங்கோ ஒரு ரயில்நிலையத்தில் கொண்டுபோய் விட்டு, அது வீடு திரும்பும் நேரத்தை எண்ணிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘மாரி’ படத்தில் 2015-இல் தனுஷ் செய்த வேலை. அவர்களிடம் போய்ப் புறா வலை என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்குச் சண்டூரில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது கிருஷ்ணனுக்கும் இந்துமதிக்கும் சொந்த ஊர் இல்லை. பாஷை வேறு, வீடு சொந்தமில்லை, வேலை மகாராஜாவின் தயவு. எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்ட வேண்டிவரும். 1949-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, மூட்டை கட்டவும் வேண்டிவந்தது. அவர் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போகாமல், பேனாவையும் கேமராவையும் நம்பி மெட்ராஸுக்குத் திரும்பினார். என் தங்கை மகன் அடிக்கடி சொல்வது, “ரெண்டு வருஷத்துல காலி பண்ணப்போற வாடகை வீடு பெரியம்மா, இதுல என்ன இருக்கு?” சண்டூரில் அவர்கள் இருந்தது ஏழு வருஷம். எப்படியும் போகப்போகிற ஊர்தானே என்று அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருந்தால் நமக்கு ஓர் எழுத்தாளர் குறைந்திருப்பார். தன் ஊர் இல்லாத இடத்தில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தே அவர் கண்ணைப் பழக்கிக்கொண்டார்.

திரும்பி வந்த மறுவருஷமே, 1950-இல், கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இருவாரப் பத்தி ஆரம்பித்தார். நாற்பத்தாறு வருஷம் எழுதினார், 1996 பிப்ரவரி 18, இறந்த அன்றுவரை. தீபாவளி மலர் வேலை, கழுத்துவலி என்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியரிடம் விடுப்புக் கேட்கும் எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவர் குடியிருந்த தெருவுக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று அப்போது பெயர், இன்றைக்கு ராதாகிருஷ்ணன் சாலை. மேம்பாலத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவே அந்தப் பக்கம் போகும்போது, இங்கே உட்கார்ந்துதான் ஒருவர் கல்கத்தாக்காரர்களுக்கு அணிலைப் பற்றி எழுதி அனுப்பினார் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லத் தோன்றும். இதுவரை சொன்னதில்லை, மீட்டர் விஷயத்திலேயே எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். புறாக்குஞ்சுகளுக்கு மஞ்சள் மயிர் உதிர்ந்து இறகு முளைத்துவிட்டது. புத்தகத்தை மருமகள் முடித்திருந்தாள், தங்கை மகன் சண்டூர்வரை வந்திருந்தான். அவனுக்குக் கிருஷ்ணன்மேல் பக்தியே வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு நானும் ஆடு வளர்க்கலாமா பெரியம்மா என்றான். சம்பளம் வாங்குகிற நாளில் எல்லா ஐடிக்காரர்களுக்கும் வருகிற ஆசை.

மருமகள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எல்லாஞ் சரி அத்தை. அவ்வளவு புறாவுக்கும் கூண்டு கழுவுனது யாரு? அவரா, அந்தம்மாவா?”

இத்தனை வருஷமாகக் கிருஷ்ணனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கை மகன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாளியும் துடைப்பமுமாகப் பால்கனிக்குப் போய்விட்டான். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுத் தேய், காய்ந்ததைப் பெருக்காதே என்று உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்தாள்.