வதந்திக்கு நம் பிள்ளைகள் விலையா?

கடைக்குச் சரக்கு வந்தால் எத்தனை கேள்வி கேட்கிறோம்! யார் அனுப்பியது, பில் எங்கே, எடை சரியா என்று பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட உள்ளே இறக்க விடமாட்டோம். கைக்கு வரும் ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகே கல்லாவில் போடுவோம். ஆனால் பெயர் இல்லாத, ஊர் இல்லாத, தேதி இல்லாத ஒரு வாட்ஸ்அப் செய்தி, "உங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போடாதீர்கள்" என்று சொன்னால், அதை அப்படியே நம்புகிறோம். அத்துடன் நில்லாமல் பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். நோட்டுக்குக் காட்டும் எச்சரிக்கை பெற்ற பிள்ளையின் உயிருக்கு இல்லையா?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் ஊசி என்று அரசு அறிவித்தது. உடனே கிளம்பியது வதந்தி. பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்றெல்லாம் பரப்பினார்கள். எல்லாச் சமுதாயத்திலும் பெற்றோர் தயங்கினார்கள். முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. மற்றவர்களைப் பற்றி நாம் பேச வேண்டாம். நம் முஹல்லாக்களில் தயக்கம் இருந்ததா இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

அந்தத் தயக்கத்திற்கு என்ன விலை என்பதை வேறு ஊர்களில் நம் மக்கள் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், ஒழிந்துபோனது என்று எண்ணியிருந்த தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் வந்தது. முறையாகத் தடுப்பூசி போடாத இளம் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். 2022 அக்டோபர், நவம்பரில் மும்பை கோவண்டியின் நெருக்கடியான குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவியது. அங்கே இறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாதவர்கள். வறுமையும் சத்துக்குறைவும் கொரோனா காலத்தில் தடைபட்ட சேவையும் அதற்குக் காரணங்கள். அவற்றோடு அச்சமும் ஒரு காரணம். மலப்புரமும் கோவண்டியும் யார் வாழும் பகுதிகள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தட்டம்மையை "அம்மைதானே, வந்து போகும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது அத்தனை எளிய நோய் அல்ல. ஒரு பிள்ளைக்கு வந்தால் பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்கு அதைத் தொற்ற வைக்கும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கியிருக்கும். நிமோனியா, மூளைக்காய்ச்சல், பார்வை இழப்பு வரை கொண்டுபோய் விடும். இதற்கு முன் வந்த நோய்களை எதிர்த்து உடல் சேர்த்து வைத்திருந்த சக்தியையும் அழித்துவிடும்.

சகோதரர்களே! நம் மக்களின் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதையும் நேர்மையாகப் பேச வேண்டும். 1976இல் நெருக்கடி நிலையின்போது மேவாத் பகுதியின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து, ஆண்களைப் பிடித்துச் சென்று கட்டாயக் கருத்தடை செய்தது. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை ஒரு மருத்துவரைக் கொண்டு போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது. 2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு பச்சிளங் குழந்தைகள் இறந்தன. இவற்றை நாம் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

ஆனால் இந்த நிகழ்வுகள் நமக்குச் சொல்லும் பாடம் என்ன? அரசைக் கேள்வி கேள், கண்காணி, கணக்குக் கேள் என்பதே பாடம். பிள்ளையை நோய்க்குத் தின்னக் கொடு என்பதல்ல! திருவள்ளூர் துயரத்திற்குப் பிறகு எழுந்த கண்டனத்தால்தான், ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தே போட வேண்டும் என்று தமிழக அரசு முறையை மாற்றியது. தடுப்பூசி முகாமை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014இல் அமெரிக்காவே சொல்ல வேண்டி வந்தது. அபோட்டாபாத் சூழ்ச்சியால் நட்டப்பட்டது யார்? அமெரிக்கா அல்ல. சந்தேகத்தால் சொட்டு மருந்தை மறுத்த ஏழை முஸ்லிம் வீடுகளின் பிள்ளைகளே கால் முடங்கினார்கள்.

"குழந்தை பிறக்காது" என்ற பொய்யைச் சற்றுப் பாருங்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா தொற்றினால் வயிற்றில் உள்ள குழந்தை கண்ணில் புரையோடு, காது கேளாமல், இதயத்தில் ஓட்டையோடு பிறக்கலாம். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. நம் மகளுக்குப் பிறக்கப் போகும் பிள்ளையைக் காக்கும் ஊசிக்கே, பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி என்று பெயர் சூட்டிவிட்டார்கள்!

"ஆட்டிசம் வரும்" என்ற பேச்சும் உலவுகிறது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, எந்தத் தொடர்பும் இல்லை என்று கண்டார்கள். பொய்யைச் சொன்னவர் மருத்துவப் பதிவை இழந்தார். அந்தப் பொய்யோ நம் கைபேசிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து மார்க்கக் கேள்வி. ஊசியில் ஹராமான பொருள் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஈமானோடு கேட்கப்படும் கேள்வி இது. ஏளனம் செய்யக் கூடாது, பதில் சொல்ல வேண்டும். எல்லாத் தடுப்பூசியிலும் அப்படி இல்லை. சிலவற்றின் தயாரிப்பில் ஜெலட்டின் போன்றவை பயன்படுவது உண்டு. 1995இல் குவைத்தில் கூடிய அறிஞர்கள், தன் இயல்பே மாறிப்போன பொருளுக்குப் பழைய சட்டம் பொருந்தாது என்ற 'இஸ்திஹாலா' விதியின்படி இதை விளக்கினார்கள். 2018இல் இந்தோனேசிய உலமாக்கள் சபை வேறு வழியில் ஆராய்ந்தது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்படுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆனாலும் மாற்று இல்லாத நிலையில், உயிருக்கு ஆபத்து இருக்கும்போது, அதைப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆலிம்கள் வந்த வழி இரண்டாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் சவூதி அரசு விடுவதில்லை. அதை எந்தக் கேள்வியும் இல்லாமல் கை நீட்டிப் போட்டுக்கொள்கிறோம். வளைகுடாவில் குடும்பத்தோடு வாழும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் தடுப்பூசி அட்டை எங்கே என்று அங்கே கேட்கிறார்கள். ஜித்தாவிலும் துபாயிலும் ஆகுமானது நம் ஊரில் மட்டும் ஆகாததா?

நோயை இறக்கிய இறைவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே. கொள்ளைநோய் பரவிய நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று அவர்கள் விளக்கினார்கள். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். விசாரிக்காமல் செய்தியை முன்னனுப்பும் விரல்களுக்கும் நாளை கேள்வி உண்டு!

இந்தத் துறை நமக்கு அந்நியமானதும் அல்ல. பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனியாகப் பிரித்து விளக்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதியவர் அர்ராஸி என்ற முஸ்லிம் மருத்துவர். பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் வழக்கத்தை உதுமானியத் துருக்கியில் பார்த்த ஆங்கிலேயத் தூதரின் மனைவி, 1717இல் அதைத் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1721இல் லண்டனில் தம் மகளுக்கே குத்த வைத்தார். முஸ்லிம் நாட்டில் கண்டு பிறர் கற்றுக்கொண்டதை, இன்று நாம் பிறருடைய சூழ்ச்சி என்கிறோம்.

நம் நாட்டில் நம் சமுதாயமே ஒரு முறை வென்று காட்டியும் இருக்கிறது. 2002இல் இந்தியாவில் 1,600 பிள்ளைகளைப் போலியோ தாக்கியது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அதிலும் நம் பிள்ளைகளே மிகுதி. அப்போது ஆலிம்களும் இமாம்களும் முன்வந்தார்கள். அலிகர், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை களத்தில் இறங்கின. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து அறிவிப்பு ஒலித்தது. 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

2024 ஆகஸ்டில் காஸாவில் 25 ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழந்தையைப் போலியோ முடக்கியது. சொட்டு மருந்து சரிவரச் சேராத ஊரில் உருமாறிப் பரவும் வகை அது. குண்டுகளுக்கு இடையே கிடைத்த சில மணி நேர ஓய்வில், இடிபாடுகளின் நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நம் சகோதரிகள் வரிசையில் நின்றார்கள். செப்டம்பரில் முதல் சுற்றிலேயே ஐந்தரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் மருந்து பெற்றார்கள். அடுத்த தெருவிலேயே சுகாதார நிலையம் உள்ள நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

இனி வீட்டில் எழும் சந்தேகங்கள். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சலும் வீக்கமும் வரலாம். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் காய்ச்சல் வரலாம். உடல் ஊசியை ஏற்று வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது. எடைக்கு ஏற்ற காய்ச்சல் மருந்தின் அளவைச் செவிலியரிடம் கேட்டு வாருங்கள். பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி சில வாரங்களில் கொப்புளமாகிச் சீழ் வைத்துத் தழும்பாகும். பிதுக்காதீர்கள், எண்ணெயோ பற்றோ போடாதீர்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மூச்சுத்திணறல், வலிப்பு, ஓயாத அழுகை என்றால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம். ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை வந்த பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே போடுங்கள்.

பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், ஒன்பது மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதில், ஐந்து வயதில், 10 மற்றும் 16 வயதில். தவணைகள் இவ்வளவுதான். அரசு நிலையங்களில் அனைத்தும் இலவசம். இதற்காக வாப்பா வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்றோ, கடை ஓய்வு நாள் வரட்டும் என்றோ காத்திருக்காதீர்கள். எல்லாச் சுமையையும் உம்மா மீது ஏற்றிவிட்டு நாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதும் நியாயமல்ல. ஒரு புதன்கிழமை காலை கடையைத் தாமதமாகத் திறந்தால் ரிஸ்க் குறைந்துவிடாது.

அரசுக்கும் நம் கோரிக்கை உண்டு. எந்த ஊசி, எதற்காக, என்ன விளைவு வரும் என்பதை முகாமுக்கு முன்பே பெற்றோருக்கு எளிய தமிழில், தேவைப்படும் இடத்தில் உருதுவிலும் எழுதிக் கொடுங்கள். பாதிப்பு நேர்ந்தால் மூடி மறைக்காமல் விசாரித்து முடிவை வெளியிடுங்கள். நெருக்கமான முஹல்லாக்களுக்குப் பெண் செவிலியரை அனுப்புங்கள். போலீசையும் மிரட்டலையும் அனுப்பாதீர்கள். அச்சத்தை ஒழிப்பது அதிகாரம் அல்ல, வெளிப்படைத்தன்மையே.

இளைஞர்களே! போஸ்டர் ஒட்டவும் கூட்டம் சேர்க்கவும் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலையல்ல. உங்கள் முஹல்லாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை, எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது, எத்தனை தவணை விடுபட்டது என்று வீடு வீடாக எழுதி எடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளிடம் கொடுங்கள். நம்பிக்கையான ஒரு மருத்துவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, தாய்மார்கள் திரை மறைவிலிருந்து கேள்வி கேட்க வழி செய்யுங்கள். ஜும்ஆ மேடையில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கும்படி இமாமைக் கேளுங்கள். வதந்தி வந்தால் அனுப்பியவரிடமே கேளுங்கள்: யார் சொன்னது? எந்த ஊர்? எந்த நாள்? பதில் இல்லையென்றால் அங்கேயே அதற்கு ஜனாஸா நடத்துங்கள்.

உரிமைக்காகப் போராடும் சமுதாயத்திற்கு உடல் நலமுள்ள தலைமுறை வேண்டும். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தின் கணக்கு நாளை கேட்கப்படும். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அடுத்த புதன்கிழமை தூக்கிச் செல்லுங்கள், இன்ஷா அல்லாஹ்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!